பெட்ரோல் நோட்டு

வண்டி என் பேரில்.
கணக்கு அவர் கையில்.

நைட் ஷிப்ட் முடிந்து
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் கிக்கரை உதைக்கும்போது
செக்யூரிட்டி அண்ணாச்சிக்குத் தினமும் ஒரே கேள்வி:
'இது எத்தன கிலோ இருக்கும் சிஸ்டர்?'
'ஒங்களையும் என்னையும் சேத்து நிறுத்தா வரும்.'

வீடு சேர்வதற்குள்
டேங்க் பையில் இரண்டு பால் பாக்கெட்,
ஹேண்டிலில் கீரைக்கட்டு.
ஸ்பிட்டிக் குளிரில் என் விரல் மரத்துப்போன அதே பிடியில்
இப்போது மல்லித்தழை வாசம்.

ஞானசிகாமணி கேட்டைத் திறப்பார்.
என்னைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டரைப் பார்ப்பார்.
கூட்டுறவுப் பண்டகசாலையில்
இருபது வருசமாய் அரிசியும் மண்ணெண்ணெயும் எழுதிய கை.
நாற்பது பக்க நோட்டில்
தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய்.
வண்டி ஓட்ட வராது அவருக்கு.
சைக்கிளும், சமாதானபுரத்தில் ஒருமுறை விழுந்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால்
பாபநாசம் வரை.
நடுவில் ரூபன், கடைசியில் இவர்,
இவர் மடியில் எலுமிச்சஞ்சாதத் தூக்கு.
மேலப்பாளையத்தில் பின்கம்பியை இறுகப் பிடித்திருப்பார்.
முன்னீர்பள்ளத்திலும் அப்படித்தான்.
'ஆளுக பாப்பாவளா.'
சேரன்மகாதேவி தாண்டி
இரண்டு பக்கமும் வயலாகிவிட்டால்
ஒரு கை மட்டும் என் தோளுக்கு வரும்,
ரசீதில் ஸ்டாம்பு ஒட்டுவதுபோல.
கல்லிடைக்குறிச்சி ஆர்ச் தெரிந்ததும் போய்விடும்.
பதினொரு வருசத்தில்
அந்தக் கொஞ்ச தூரத்தை மட்டும்
நோட்டில் ஏற்றியதில்லை.

இந்த மே மாதம் கட்ச்.
பதிமூன்று நாள். நான் மட்டும்.
மாமியார் பேசுவதை நிறுத்தினார்.
சபையில் இரண்டு பேர் எனக்குப் புத்தி வர ஜெபித்தார்கள்.
இவர் செயினுக்கு எண்ணெய் விட்டார்,
விடக்கூடாத இடத்தில்.
நான் சொல்லவில்லை.
ரூபன் சைலன்சரில் விரலைச் சுட்டுக்கொண்டு அழுதான்,
அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்த நிம்மதியோடு.

அங்கே உப்பு.
கண் போகிற மட்டும் உப்பு, ஒரு வெள்ளாடுகூட இல்லை.
நடுவில் நின்று போன் போட்டேன்.
'அங்க லிட்டர் என்ன வெல?' என்றார்.
சொன்னேன்.
'நம்மூரு பரவால்ல' என்றார்.
பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் காற்றுச் சத்தம் மட்டும்.

திரும்பி வருகையில்
கயத்தாறுக் காற்றாலைகள் இருட்டில்
சிவப்பாய்க் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.
கங்கைகொண்டானில் பக்கவாட்டுக் காற்று ஒரு அறை விட்டது.
பின்னால் கனம் போதாமல்
வண்டி ஆடியது.

நாலு மணிக்கு வீடு. எல்லோரும் தூக்கம்.
சட்டைப்பையில் இருந்த பில்களை
நோட்டுக்குள் சொருகலாம் என்று திறந்தேன்.

'4. வண்டி இல்லை. பால் நடந்துபோய்.
5. வண்டி இல்லை. மீன்குழம்பு நான் வைத்தேன். பையன் சாப்பிடவில்லை.
8. மழை. வண்டிக் கவர் நனைந்தது. காயப் போட்டேன்.
9. குஜராத்தில் வெயில் நாற்பத்தொன்று. டிவியில்.
11. கி.மீ. தெரியாது. லிட்டர் தெரியாது.
12. அம்மா இப்ப எங்கே என்றான். மேப்பில் காட்டினேன். தப்பாக இருக்கலாம்.
14. ஒன்றுமில்லை.'

ரூபாய் என்ற இடத்தில்
எல்லா நாளும் ஒரு சின்னக் கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.

பனியனோடு எழுந்து வந்தார்.
நேராக வாசலுக்குப் போனார்.
டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தார்,
உதட்டுக்குள் கழித்தார்.
'நாலாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு.'
பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார்:

'ஏளா எப்சி, பின் பிரேக்கு கீச்சுன்னு கத்துது.
தெருமுக்குல திரும்பும்போதே கேட்டுது.'